பதினாறாவது நாளின் முழங்கால்

அன்புள்ள தம்பி எல்மருக்கு,

அண்ணன் நார்பர்ட் சொல்லச் சொல்ல உன் அண்ணி லவோன் எழுதுவது. உறைந்துபோன ஒரு தண்ணீர்க் குழாயைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே மாடிசனில் நீயும் உன் இதயமும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க ஆண்டவர் துணையிருப்பாராக. நீ முப்பது வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் நாற்காலி தேய்த்தவன் என்பதால் உன்னிடம் ஒரு காரியம் கேட்கிறேன்.

செப்டம்பரில் எனக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு ஊர் பிசியோதெரபி நிலையத்தில் டாரன் என்ற பையன் என் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் நான் எவ்வளவு மடக்குகிறேன் என்று பார்க்கப் பொத்தான் அளவில் ஒரு கருவியும் கொடுத்தான். முழங்காலுக்குப் போடும் கம்பளி உறையில் ஒரு பை வைத்து அதற்குள் செருகிக்கொள்ள வேண்டும். முப்பது நாளில் பதினாறு நாள் அது கணக்கு அனுப்பினால்தான் அவர்கள் அதற்குக் காப்பீட்டில் பில் போட முடியுமாம், பதினைந்து நாள் என்றால் ஒரு நாளும் போடாததற்குச் சமமாம். அதனால் வரவேற்பு மேசை ஷார்லா தினமும் காலையில் போன் செய்து, “இன்னிக்குப் போட்டுக்கிட்டீங்களா பெரியவரே?” என்பாள். எனக்குக் கல்யாணமாகி ஐம்பத்தேழு வருடத்தில் என் உடுப்பைப் பற்றி லவோன்கூட இவ்வளவு விசாரித்ததில்லை.

டிசம்பரில் நான் ஆறு நாள் மறந்தேன், எட்டு நாள் வேண்டுமென்றே மறந்தேன். கடைசி நாள் சனிக்கிழமை, கையில் பதினைந்துதான் இருந்தது. அன்று பார்த்துப் பக்கத்துப் பண்ணையில் கல்யாணம். உளவாளியைக் காலில் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வரமாட்டேன், குளிருக்கு வெறும் உறை போதும், கருவியை உன் தம்பி எமிலிடம் கொடு, அவன் மாட்டிக்கொண்டு கணக்கை நிரப்பட்டும் என்று லவோனிடம் சொல்லிவிட்டேன். அவளும் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். எமில் தபால்காரன், சனிக்கிழமையும் வீடு வீடாக நடப்பவன் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. நான் கல்யாணக் கூடத்தில் மரியாதைக்கு ஒரு சுற்று ஆடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை டாரன் போன் செய்தான்.

“நூத்தியிருபத்தஞ்சு டிகிரி மடங்குது, பதினோராயிரம் காலடி நடந்திருக்கீங்க. இனிமே நீங்க இங்க வர வேண்டியதே இல்ல.”

இலக்கை எட்டியாயிற்று என்று எழுதிச் சிகிச்சையையே முடித்துவிட்டான். அது எமிலின் கால் என்று எப்படிச் சொல்வேன்? அவன் அரசாங்க ஊழியன்.

மார்ச்சில் மேப்பிள் மரம் சாறு விடும். பாகு காய்ச்ச அதைப் பிடிக்கப் பின்னால் இருக்கும் குன்றில் இருநூறு வாளி மாட்ட வேண்டும், முட்டளவு பனியில் ஏறி இறங்க வேண்டும். அப்பா காலத்திலிருந்து ஒரு வருடம் விட்டதில்லை, 1962-ல் நீ தட்டம்மை என்று பொய் சொல்லி நாலு நாள் படுத்திருந்தபோதும் உன் வாளிகளையும் சேர்த்து நான்தான் சுமந்தேன், அது இருக்கட்டும். இன்னும் ஆறு வாரம் டாரன் கை வைத்தால்தான் நான் ஏற முடியும். அதற்குள் எதிர்ப் பண்ணை ரூடி வேறு வந்து, “உன் மரத்தையெல்லாம் இந்த வருஷம் நான் பாத்துக்கறேனே” என்று இளித்துவிட்டுப் போகிறான்.

போன வாரம் நேரிலேயே போய், மறுபடி பதினாறு நாள் கருவியைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஷார்லா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“ஜனவரியிலேர்ந்து விதி மாறிடுச்சு பெரியவரே. இப்பல்லாம் ரெண்டு நாள் இருந்தாலே பில் போட்டுரலாம்.”

அப்படியானால் டிசம்பரில் அந்தப் பதினாறாவது நாளுக்கு என்னைப் பிடுங்கியெடுத்தது எதற்கு என்று கேட்டேன். அது போன வருஷம் என்றாள். மூன்று வாரம் முன்னாலேயே விதியை மாற்றியிருந்தால் ஒரு யோக்கியனும் ஒரு தபால்காரனும் குற்றவாளி ஆகியிருக்க வேண்டாம். இப்போது அவள் காலையில் போன் செய்வதும் இல்லை.

ஆகவே தம்பி, நீ உன் பழைய ஆட்களைக் கூப்பிட்டு அது என் கால் இல்லை என்று சொல்லிச் சிகிச்சையைத் திரும்ப வாங்கிக் கொடு. எமில் பெயரை எடுக்காதே, வேறு ஏதோ ஒரு கால் என்று மட்டும் சொல். உனக்கும் உன் வீட்டாருக்கும் தேவன் நல்ல சுகமும் சறுக்காத பாதையும் தருவாராக.

உன் அண்ணன்,
நார்பர்ட்

பி.கு.: கொழுந்தனாரே, மேலே இருப்பதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன், இதை மட்டும் காட்டப் போவதில்லை. கருவி எமிலிடம் போகவே இல்லை. அதை இவர் உறையிலேயே நான் செருகிவிட்டேன். மரியாதைக்கு ஒரு சுற்றாம். போல்கா இசை தொடங்கியதிலிருந்து முடிகிற வரைக்கும் ஒன்று விடாமல் ஆடினார், மாப்பிள்ளையின் அத்தையோடு மூன்று. மடங்கியது இவர் முழங்கால்தான், தெரிந்தால் நாளைக்கே குன்றேறிவிடுவார். அதனால்தான் சொல்கிறேன், அவசரப்பட்டு யாரையும் கூப்பிடாதீர்கள். போன மார்ச்சில் குன்றில் சறுக்கி விழுந்து இரண்டு மணி நேரம் பனியில் கிடந்தவரைத் தேடிப் பிடித்தவள் நான். வாளி மாட்ட ரூடியிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரலில் மரங்கள் வற்றிய பிறகு உங்கள் ஆட்களிடம் ஆற அமரப் பேசுங்கள்.
— லவோன்