நைட்ரஜன் இல்லாத மாட்டுத்தீவனம்

பெண் பார்த்து முடிந்த பிறகு முதல் தடவை போனில் என்ன பேசுவது என்று எம்.எஸ்சி. வேதியியலில் ஒரு பாடம் வைத்திருக்கலாம். வைக்காததால் என்னைப் போன்றவர்கள் தெரிந்த பாடத்தையே பேசிவிடுகிறோம். அப்படிப் பேசிக் கெட்டவர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும். வெளியே சொல்ல வெட்கம் இல்லாதவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

அப்போது நான் நெய்யாற்றின்கரையில் டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். உரம், மசாலாப்பொடி, மாட்டுத்தீவனம் என்று எதைக் கொண்டுவந்தாலும் அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்லி அனுப்புவோம். என் பொறுப்பு நைட்ரஜன். ("பையனுக்கு என்ன வேலை?" "நைட்ரஜன் பாக்கான்." "அது எந்த டிப்பார்ட்மெண்ட்?" இப்படித்தான் எனக்குப் பெண் தேடினார்கள்.)

கடைசியில் குன்னத்துகாலில் ஒரு பெண் அமைந்தது. பெயர் ஷைனி. அவளுடைய அப்பா தங்கராஜ் மாட்டுத்தீவன மில் வைத்திருந்தார். புண்ணாக்கு, தவிடு, மரச்சீனிக் கிழங்குத் திப்பி எல்லாவற்றையும் அரைத்துக் கலந்து சாக்கில் கட்டி விற்பார். பால் சங்கம் ஒன்று மொத்தமாக வாங்கத் தயாராக இருந்தது. ஆனால், புரதம் எவ்வளவு என்று சோதித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் வேலையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வீட்டுக்கு வரப்போற மாப்பிள்ளை கையால டெஸ்ட் பண்ணுனா, அது ஒரு ராசியாக்கும்" என்று ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தார். (பெண் வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் சீர் அதுதான்.)

புரதத்தை நாங்கள் நேரடியாக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து ஆறேகாலால் பெருக்குவோம். தீவனத்தைக் கொஞ்சம் நிறுத்து எடுத்து, கந்தக அமிலத்தில் போட்டு, கறுப்புக் குழம்பெல்லாம் தெளியும்வரை கொதிக்க வைக்க வேண்டும். தெளியும்போது நைட்ரஜன் முழுக்க அமிலத்தில் கட்டுண்டு கிடக்கும். ஆறவைத்து, தண்ணீர் விட்டு, காஸ்டிக் சோடாவைத் தாராளமாக ஊற்றினால் கட்டு அவிழ்ந்து அமோனியாவாகக் கிளம்பும். அதை ஆவியோடு இன்னொரு குடுவைக்கு ஓட்டினால் அங்கே இருக்கிற சிவப்புக் கரைசல் பச்சையாகும். பிறகு அளப்பதுதான் பாக்கி. ஒரு சாம்பிளுக்கு இரண்டு குடுவை வைக்க வேண்டும் என்பது விதி. நான் கல்யாணக் கனவில் ஒன்று மட்டும் வைத்தேன்.

குடுவை ஆறி, தண்ணீரும் விட்டு, காஸ்டிக் சோடா பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் ஷைனி முதல் தடவையாக என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"என்ன செய்யுதீங்க?"

"உங்க அப்பாவுக்க தீவனத்தை அவிச்சு வச்சிருக்கேன்."

"அதுக்குப் பிறகு?"

ஒரு பெண் என்னிடம் 'அதுக்குப் பிறகு' என்று கேட்டது அதுவே முதல் தடவை. நான் உருகிப்போனேன். "இப்போ காஸ்டிக் சோடா ஊத்தணும். ஊத்தினதும் அமோனியா வெளிய வரும்" என்று தொடங்கினேன்.

"அய்யோ, அது கையில பட்டா எரியாதா?"

அந்த அக்கறைக்கு நான் சொன்ன பதில் நெடுநேரம் ஓடியது. காரங்களின் குணம், கையுறையின் அவசியம், கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது எல்லாம் சொன்னேன். அவள் "ம்" கொட்டினாள். போனை வைத்துவிட்டு, காற்றில் மிதந்துகொண்டே குடுவைக்குத் திரும்பினேன். ஊற்றுவதைப் பற்றி அவ்வளவு விரிவாகப் பேசியவனுக்கு, ஊற்றிவிட்டோம் என்றுதானே தோன்றும்? குடுவையை மாட்டி ஆவியை ஓடவிட்டேன்.

சிவப்பு சிவப்பாகவே இருந்தது. கணக்குப் போட்டேன். பூஜ்யம்.

தீவனத்தில் புரதம் குறையலாம். அறவே இல்லை என்றால் அது மணலாகவோ உப்பாகவோதான் இருக்க வேண்டும். புத்தியுள்ளவன் உடனே தன்னைச் சந்தேகப்படுவான். நான் மாமனாரைச் சந்தேகப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, கல்யாணத் தேதி குறிக்க என் அம்மாவும் தாய்மாமாவும் நானும் குன்னத்துகால் போனோம். ஹால் நிறைய ஷைனியின் சொந்தக்காரர்கள். நல்ல நாற்காலியில் பால் சங்க செக்ரட்டரி. நேந்திரம் சிப்ஸும் கேக்கும் வந்தன. தங்கராஜ் எழுந்து நின்று, "சாறே, நம்ம மாப்பிள்ளைதான் டெஸ்ட் பண்ணியிருக்கது. அவரு வாயாலயே கேளுங்க" என்றார்.

அம்மா என் கண்ணைப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது. "மக்கா, அதெல்லாம் பிறகு சொல்லலாம்" என்றாள்.

அப்போது நான் நேர்மையானவனாக இருந்தேன். (அது ஒரு வயது.) "மாமா, மன்னிக்கணும். உங்க தீவனத்துல புரதமே இல்ல. பூஜ்யம்" என்றேன். யாரும் கேட்காமலே, "மரத்தூள்லகூடக் கொஞ்சம் உண்டு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

செக்ரட்டரி கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மொழி மாறும். "ஈ பறயுன்னது சத்தியமாணோ?" என்று மலையாளத்தில் கேட்ட தங்கராஜ், பதிலுக்குக் காத்திராமல் பின்கட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் நிறையத் தீவனத்தோடு வந்தார். ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டு மென்றார். கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். அதுவரை 'நீங்க'வாக இருந்த நான் 'நீரு' ஆனேன்.

"நீரும் தின்னும் ஓய்! தின்னுட்டு சொல்லும், சத்து உண்டா இல்லியா?"

தாய்மாமா என் காதோரம், "எலே, தின்னுல. வேற வழி இல்ல" என்றார்.

தின்றேன். உப்பும் கசப்புமாக, ஈரச் சாக்கை மெல்வதுபோல இருந்தது. தொண்டையில் உமி குத்தியது. என்னைப் பெண் பார்க்க அனுப்பிய அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டினேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இனி எனக்குக் கல்யாணமே இல்லை, இந்தக் கிண்ணம் காலியானதும் அப்படியே நடந்து பொழியூர் போய்க் கடலில் இறங்கிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அடுக்களை வாசலிலிருந்து ஷைனியின் குரல் கேட்டது. "அன்னைக்கு போன்ல காஸ்டிக் சோடா ஊத்தணும்னு சொன்னீங்கல்லா? நான் கை எரியாதான்னு கேட்டேன். பின்ன பேசிட்டே இருந்தீங்க. அதை ஊத்துனீங்களா?"

வாயில் உமியோடு யோசித்தேன். மேசைமேல் இருந்த அந்த பாட்டில் கண்முன் வந்தது. கழுத்துவரை நிறைந்திருந்தது.

"சொன்னேன்" என்றேன்.

"சொன்னீங்க. செய்தீங்களா?"

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

தங்கராஜ், செக்ரட்டரி, தாய்மாமா, நான் எல்லோரும் மில் டெம்போவில் ஏறி நெய்யாற்றின்கரை போனோம். நான் குடுவையைக் கழுவாமல் போட்டிருந்தேன். என் சோம்பல் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. பழைய கரைசல் அப்படியே இருந்தது. மூன்று பேர் கழுத்தை நீட்டிப் பார்க்க, காஸ்டிக் சோடாவை ஊற்றினேன். குடுவை சூடாகிக் கறுத்தது. பதற்றத்தில் மூடியைச் சரியாக அழுத்தாததால் அமோனியா குபீரென்று கிளம்பி நேராக தங்கராஜின் முகத்துக்குப் போனது.

"எம்மாடி, மாட்டுத் தொழுத்து நாத்தம்!" என்று அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார். கண்ணீர் தாரையாக வழிந்தது. கீழே டயர் கடைக்காரர், அவர் துக்கத்தில் அழுகிறார் என்று நினைத்து, "ஒண்ணும் விஷமிக்கண்டா சேட்டா, எல்லாம் தெய்வம் பாத்துக்கும்" என்று தேற்றிக்கொண்டிருந்தது மாடிவரை கேட்டது.

மூடியை அழுத்தினேன். சிவப்பு பச்சையானது. தாய்மாமா கைதட்டினார். அளந்து, பெருக்கிப் பார்த்தேன். நூற்றுக்குப் பதினெட்டு. தப்பித்துப் போன ஆவியைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறாது. தங்கராஜ் சாக்கில் இருபது என்று அச்சடித்திருந்தார்.

முகம் கழுவிவிட்டு மேலே வந்த தங்கராஜிடம், "மாமா, பதினெட்டு" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். இன்னொரு பிடி தின்ன வேண்டியிருக்கும் என்று வாயைத் தயார்படுத்திக்கொண்டேன். அவரோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பதினெட்டு உண்டா! உண்டில்லியா! சாறே, கேட்டேளா?"

காலையில் பூஜ்யம் என்று கேட்ட மனிதருக்குப் பதினெட்டு லாட்டரி அடித்ததுபோல இருந்திருக்கிறது. பொட்டலத்தில் மிச்சமிருந்த தீவனத்தை விதிப்படி இரண்டு குடுவையில் வைத்து மறுபடி அளந்து பார்த்தோம், அதேதான் வந்தது. சாக்கில் இருபதை அடித்துப் பதினெட்டு என்று அவரே திருத்தினார். செக்ரட்டரியும் அதற்குச் சம்மதித்தார். கல்யாணமும் நடந்தது.

பாதிரியார் "சம்மதமா?" என்று கேட்க நான் "சம்மதம்" என்றபோது, முன்வரிசையில் மாமனார் எல்லோருக்கும் கேட்கும்படி, "சொன்னதா, செய்ததா?" என்றார். கோயிலே குலுங்கியது. அன்றிலிருந்து இந்த வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்பில்லை. கேஸை அடைத்தேன், கேட்டைப் பூட்டினேன், கரண்ட் பில் கட்டினேன், எதைச் சொன்னாலும் அந்த ஒரே கேள்விதான்.

போன வாரம்கூடச் சேலை எடுக்க பாலராமபுரம் கிளம்பினோம். பாதி வழியில் ஷைனி, "மோட்டரை நிறுத்துனீங்களா?" என்றாள்.

"நிறுத்திட்டேன்."

"சொன்னதா, செய்ததா?"

காரைத் திருப்பினேன். வெயிலில் அத்தனை தூரம் திரும்பிப் போய்க் கதவைத் திறந்து பார்த்தோம். மோட்டார் நின்றுதான் இருந்தது. அந்தக் கதையை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை.