பொற்கொடி ஆமையின் நன்றியுரை

ஒரு காட்டில் மூன்று டாக்டர்கள் மூன்று மூலைகளில் இருந்தார்கள். நடுவில் நோயாளி இருந்தது. அதன் பெயர் பொற்கொடி, ஆமை. கழுத்தில் புற்றுநோய்க் கட்டி. வலிகூட அவ்வளவாக இல்லை. ஆனால் தலை ஓட்டுக்குள் போகவில்லை. தலையை உள்ளே இழுக்க முடியாத ஆமை காட்டில் எத்தனை நாள் பிழைக்கும்? அதை எண்ணிப் பார்ப்பதற்காகவே நரி தினமும் காலையில் வந்து நலம் விசாரித்தது.

"இன்னிக்கும் உள்ள போகலியா அக்கா? பரவால்ல, அவசரப்படாதீங்க."

பொற்கொடி ஆற்றங்கரைக்கு நடந்தது. அறுவை சிகிச்சை செய்யும் நண்டு கட்டியை அழுத்திப் பார்த்தது. "பெரிசா இருக்கும்மா. கரடி மருந்து குடுத்துச் சுருக்கட்டும், அப்புறம் நான் வெட்டுறேன்."

கரடியின் குகைக்குப் பத்து நாள் நடை. "நண்டு முதல்ல தேதி குடுக்கட்டும். அப்பத்தான் மருந்து பாட்டிலையே திறப்பேன்" என்றது கரடி.

சதுப்பு நிலத்துக்கு இன்னொரு பத்து நாள். ஒளி சிகிச்சை மின்மினி, "அவங்க ரெண்டு பேரும் முடிக்கட்டும். மிச்சம் மீதி இருந்தா நான் பொசுக்கிடுறேன்" என்றது.

பொற்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிங்கராஜாவிடம் மனு கொடுத்தது. இனி புதன்கிழமைதோறும் மூவரும் ஆலமரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்து, கலந்து பேசி, நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று ராஜா உத்தரவிட்டார். அருமையான உத்தரவு. நடத்தும் பொறுப்பை நரியிடம் கொடுத்ததுதான் கோளாறு.

நாலு பெரியவர்களை ஒரே இடத்தில் உட்கார வைக்க நரிக்குத் தெரிந்த ஒரே வழி விழா எடுப்பது. உடனே அழைப்பிதழ் அடித்தது. தலைமை: கரடி. முன்னிலை: நண்டு. வாழ்த்துரை: மின்மினி. தொகுப்புரை: நரி. கடைசி வரியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில், நன்றியுரை: நோயாளி.

முதல் புதன், மின்மினிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய பிறகு மின்மினியைக் காணவில்லை. தேடி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டாம் புதன், பேனரில் தன் படம் கரடி படத்தைவிடச் சின்னதாக இருக்கிறது என்று நண்டு கோபித்துக்கொண்டு எழுந்து, நேராகப் போக முடியாமல் மேடையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வெளியேறியது. மூன்றாம் புதன் முழுக்கக் கரடி தலைமையுரை ஆற்றியது. கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம் அக்கா. கழுத்து நல்லா சதை போட்டிருக்கே!" என்று நரி நாக்கைச் சப்புக்கொட்டியது.

நான்காம் புதன் சிங்கராஜாவே சிறப்பு விருந்தினராக வந்தார். அதனால் எல்லாரும் சுருக்கமாகப் பேசினார்கள். நன்றியுரைக்கு நேரம் மிஞ்சியது. நன்றியுரை முடியும்வரை மேடையை விட்டு எழக் கூடாது என்பது மரபு. பொற்கொடி அரைமணி நேரம் நடந்து மைக்கைப் பிடித்தது.

"நாளைக் காலையே எனக்கு மருந்து ஆரம்பிக்கப்போகும் கரடி டாக்டர் ஐயா அவர்களுக்கு நன்றி."

ராஜா கைதட்டினார். காடே தட்டியது. பழக்க தோஷத்தில் கரடியும் தட்டிவிட்டு, அப்புறம்தான் விழித்தது.

"கட்டி சுருங்கியதும், பௌர்ணமிக்கு மறுநாள் அதை வெட்டப்போகும் நண்டு டாக்டர் அவர்களுக்கு நன்றி. மிச்சத்தைப் பொசுக்கப்போகும் மின்மினி டாக்டர் அவர்களுக்கு நன்றி. இந்த மூன்று இடங்களுக்கும் என்னைத் தன் முதுகிலேயே சுமந்துபோய்க் காட்டப்போகும் அன்புத் தம்பி நரிக்கு, சொல்ல வார்த்தையே இல்லை!"

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று தட்டினார். அதற்குமேல் யாரால் மறுக்க முடியும்?

சொன்னபடியே மருந்து, வெட்டு, வெளிச்சம் எல்லாம் நடந்தன. இரண்டு மாதத்தில் கட்டி போயிற்று. நரிக்கு முதுகு போயிற்று. நரி நொண்டிக்கொண்டே புது அழைப்பிதழோடு வந்தது.

"வர்ற புதன் வெற்றி விழா அக்கா. நன்றியுரை நீங்கதான்."

பொற்கொடி அழைப்பிதழைக் கடைசி வரி வரை படித்தது. பிறகு பல மாதங்களுக்குப் பின் முதல்முறையாக, தலையைச் சுகமாக ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

நீதி: நன்றியைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், குணமான பிறகு சொல்வது வெட்டிவேலை.