சிவப்பு நூல் அதிகம் செலவான விரிப்பு

எதையும் படம் போட்டுப் பார்க்கும் பழக்கமுள்ள பெண்ணை மாமியார் இருக்கும் வீட்டில் கட்டிக்கொடுக்கக் கூடாது. எனக்குக் கல்யாணம் பேசியபோதே என் வீட்டார் இதைப் பாறசாலை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் வேலை" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

கம்பெனிகள் அனுப்பும் எண்களை வட்டமாகவும் கோடாகவும் வண்ணமாகவும் மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அதோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி பாட்டிலில் ஒரு புளியங்கொட்டை போட்டேன். என் கணவர் ஜெபின் குறட்டை விடும் நேரங்களை நெய்யாற்றின்கரை பஸ் டைம்டேபிள் மாதிரி வரைந்து அலமாரியில் ஒட்டினேன். (அதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.) அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்தேன். தன் ஊர் வெயிலையும் குளிரையும் தினம் ஒரு வரியாகக் கம்பளியில் பின்னியிருந்தாள். வருஷக் கடைசியில் அவளுக்கு ஒரு போர்வை மிச்சம்.

எங்கள் ஊரில் வெயில் பெரிதாக மாறுவதில்லை. மாறிக்கொண்டே இருந்தது மாமிதான்.

மாமி என்றால் என் மாமியார் தங்கபாய். அதிகம் பேசமாட்டார். முகத்தை வைத்துத்தான் எதையும் தெரிந்துகொள்ள வேண்டும். புது மருமகளான எனக்கு அது பிடிபடவில்லை. தினமும் குறித்துவைத்தால் ஏதாவது ஒழுங்கு தெரியும், அதற்கேற்ப நடந்து நல்ல பேர் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். பச்சை என்றால் சாந்தம். மஞ்சள் என்றால் முணுமுணுப்பு. நீலம் என்றால் சிரித்த நாள். சிவப்புக்கு விளக்கம் தேவையில்லை. சாயங்காலமானால் குரோஷா ஊசியை எடுத்து அன்றைய நிறத்தில் ஒரு வரி பின்னுவேன். நீல நூல்கண்டு லேசில் குறையவில்லை. சிவப்புக்குத்தான் திரும்பத் திரும்பக் கடைக்குப் போனேன்.

மாமிக்கு அந்தப் பின்னல் பிடித்துப்போனது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். "நல்ல கைவேல ஆக்கும்" என்று சிரிப்பார். அன்றைக்கு வேறு வழியில்லாமல் நீலத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

விரிப்பு முடிந்த வாரம் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, கோழி என்று ஆளுக்கொன்றைக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். மாமி என்னிடம் கேட்காமலே விரிப்பை மடித்து எடுத்துக்கொண்டார். "எனக்க மருமவ பின்னினது" என்று போதகரிடம் நீட்ட, அவர் அதை அப்படியே பிரசங்கபீடத்தின் மேல் விரித்துவிட்டார். மாமியின் ஒரு வருஷ மனநிலை மொத்தச் சபைக்கும் முன்னால் தொங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். போதகர் மைக்கிலேயே என்னைக் கேட்டார். "இந்த நிறங்களுக்கு ஏதும் அர்த்தம் உண்டா மோளே?"

அர்த்தம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். வண்ணத்தைக் காட்டிவிட்டு விளக்கம் தராமல் இருக்க எனக்குத் தெரியாது.

"பச்சை சமாதானம். மஞ்சள் ஜெபம். நீலம் பரலோகம்."

"சிவப்பு?"

"தியாகம்."

போதகர் உருகிவிட்டார். அன்றைய பிரசங்கம் முழுக்க அந்த விரிப்புதான். நடுவில் பட்டையாக ஒரு சிவப்பு இருந்தது, மாமி வாயே திறக்காத ஒரு வாரம். போதகர் அதைத் தடவிக் காட்டி, "இதுபோல ஒரு சிவப்பு நம்ம வீட்டில் உண்டா? எல்லா வீட்டிலும் சிவப்பு பெருகட்டும்" என்றார். சபை ஆமென் என்றது. மாமியின் ஆமென் தனியாகக் கேட்டது.

உண்மை தெரிந்த இன்னொரு ஆள் ஜெபின். ஆண்கள் பக்கத்தில் முதலில் இருமினார். பிறகு கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். அப்புறம் முன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் மனந்திரும்பி அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். பெற்றவளுக்குத் தெரியாதா, அது அழுகையா சிரிப்பா என்று.

வீட்டுக்கு வந்ததும் மாமி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எலே, என்னத்துக்குச் சிரிச்ச?"

அம்மா கேட்டால் ஜெபினுக்கு ஒளிக்கத் தெரியாது. (நான் கேட்டால் நன்றாகத் தெரியும்.) நிறம் நிறமாக எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, பைக்குக்குப் பெட்ரோல் போட வேண்டும் என்று போய்விட்டார்.

நான் சுவரோரம் நின்றேன். நல்ல பேர் வாங்கப் பின்னிய விரிப்பு, இந்த வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச பேரையும் கொண்டுபோகப் போகிறது. அம்மா வீட்டுக்கு அடுத்த பஸ் எப்போது என்று மனம் அட்டவணை போட ஆரம்பித்தது.

"அதுக்க போட்டோ உண்டா?" என்றார் மாமி.

செல்போனைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். எந்த வரி எந்த நாள் என்று நான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதாயிற்று.

"இது செரி. அடுத்த பறம்புக்காரன் வேலிய நம்ம மண்ணுக்குள்ள நீக்கிப் போட்ட அன்னு." விரல் நகர்ந்தது. "இதும் செரி. நீ மீன்கறியில உப்ப வாரிப் போட்ட அன்னு."

ஒவ்வொரு கோபத்தையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டே வந்தவர், பட்டைச் சிவப்பில் நின்றார்.

"இது தப்பாக்கும்."

"அந்த வாரம் நீங்க யாருகிட்டயும் பேசவே இல்லியே மாமி."

"எப்பிடிப் பேசதுக்கு? கடவாய்ப்பல்லு வலி. வாயத் தொறக்க முடியல்ல."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"கேட்டாத்தானே சொல்லதுக்கு? நீ எனக்க மொகத்தப் பாத்த ஒடனே நூலெடுக்கப் போயிட்ட மக்கா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வாரம் முழுக்க ஒரு மனுஷி எதிரில் வலியோடு உட்கார்ந்திருக்கிறார். நான் தினமும் அவரை உற்றுப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் விடாமல் குறித்தும் வைத்திருக்கிறேன். என்ன ஆச்சு என்று மட்டும் கேட்கவில்லை. அழுதேவிட்டேன்.

"போட்டு மக்கா, கரையாத" என்று என் கண்ணைத் துடைத்தார் மாமி. "பல்லு இப்பமும் வலிக்கத்தான் செய்யுது."

மறுநாளே நெய்யாற்றின்கரையில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல்லை எடுத்துவிட்டார்கள். விரிப்பைத்தான் எடுக்க முடியவில்லை. பண்டிகைதோறும் பிரசங்கபீடத்துக்கு அதுதான். தியாகம் என்று சொல்லும் போதெல்லாம் போதகர் மாமியின் கடவாய்ப்பல்லின் மேல் கையை வைக்கிறார். நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொள்கிறோம்.

அதன் பிறகு நான் யாரையும் பின்னவில்லை. போன வாரம் ஜெபினோடு ஒரு சண்டை. யாரோடும் பேசாமல் அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். மாமி வந்தார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். எங்கள் வீட்டில் யார் உம்மென்று இருந்தாலும் கேட்கிற கேள்வியையே கேட்டார்.

"கோவமா, பல்லா?"