கல்யாண வண்டிக்குக் கறுப்புப் பஞ்சா?

இடது பக்கப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. வேதகிரி எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். கோடு போகவில்லை, அவன் உயிர்தான் பாதி போனது.

அரிசி மில் முதலாளி லோகநாதன் பத்து நாளைக்கு முன்புதான் அந்தக் கறுப்பு அம்பாசடருக்கு மெட்ராசில் புதுப் பெயிண்ட் அடித்து எடுத்து வந்திருந்தார். நாளை சாயங்காலம் அவர் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. உத்திரமேரூர் கடைத்தெரு முழுக்க ஊர்வலம்.

"வண்டியில ஒரு கீறல் தெரிஞ்சுது, வாலாஜாபாத்துலேர்ந்து வேற டிரைவர இட்டாந்து ஓட்டிக்குவேன்" என்று முதலாளி முன்பே சொல்லி வைத்திருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர். ஒன்பது வருஷமாக அவரிடம் வண்டி ஓட்டுகிற வேதகிரிக்கு அது நன்றாகத் தெரியும். அவன் பெண்டாட்டி மலர்க்கொடியோ, தன் புருஷன்தான் மாப்பிள்ளை வண்டி ஓட்டப்போகிறான் என்று தெருவெல்லாம் தமுக்கடித்துவிட்டு, வேடிக்கை பார்க்க வளையல் கடை வாசலில் இடமும் பிடித்து வைத்துவிட்டாள்.

முந்தாநாள் மாகறல் பாதையில் வேலிக்காத்தான் முள் உரசிய சத்தம் அவன் நினைவுக்கு வந்தது. அதுதான், சந்தேகமே இல்லை. முதலாளி சீர்ப் பாத்திரம் எடுக்க மில் லாரியில் காஞ்சிபுரம் போயிருந்தார். நாலு மணிக்குத் திரும்புவார். வேதகிரி வண்டியை நேராக சிநேகிதன் சாமுவேலின் பெயிண்டிங் ஷெட்டுக்கு விட்டான்.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

"என் மூஞ்சிய வுடு. கதவப் பாரு."

சாமுவேல் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதுக்கா பேஜாராவுற? போன வாரந்தான் மெட்ராசுலேர்ந்து பாலிஷ் போட்ற பஞ்சு வாங்கியாந்தேன். மிஷின்ல மாட்டி ஒரு சுத்து வுட்டா, கோடு இருந்த எடமே தெரியாது."

மிஷின் என்று அவன் சொன்னது, முனையில் ரப்பர் தட்டு மாட்டிய டிரில்லிங் மிஷின். தட்டில் ஒட்டிக்கொள்ள, தோசை அளவில் மூன்று நுரைப் பஞ்சுகள் இருந்தன: மஞ்சள், வெள்ளை, கறுப்பு. எது எதற்கு என்று கடைக்காரர் சொன்னதை சாமுவேல் பஸ்சில் தூங்கித் தொலைத்துவிட்டான். கையால் அமுக்கிப் பார்த்தாலே எது முரடு, எது மெத்து என்று தெரிந்திருக்கும். ஆனால் இது கல்யாண வண்டியாயிற்றே!

"மஞ்சளப் போடு. மங்களகரமா கீது" என்றான் வேதகிரி.

மஞ்சள் பஞ்சு சுற்றியது. கோடு போயே போனது. அந்த இடத்தில் கோலமாவு கொட்டினாற்போல் வெளுப்பாக ஒரு வட்டம் வந்தது.

"இன்னாப்பா இது?"

"கொஞ்சம் முரட்டுப் பஞ்சு போலகீது. கறுப்பு மெத்துனு கீது. அதப் போடட்டா?"

"கல்யாண வண்டிக்குக் கறுப்புப் பஞ்சா? ஆவாது!"

"வண்டியே கறுப்புதான நைனா?"

"வண்டி ஏன் கறுப்புன்னு மொதலாளியக் கேப்பாங்க. பஞ்சு ஏன் கறுப்புன்னு என்னையில்ல கேப்பாங்க? வெள்ளையப் போடு."

வெள்ளைப் பஞ்சு வெளுப்பைக் குறைத்தது. பதிலுக்குக் கதவு முழுக்க வளையம் வளையமாகக் கோடு இழுத்து வைத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். மணி பதினொன்று ஆகிவிட்டது.

வேதகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சரி, கறுப்பையே போடு. சாமி மன்னிச்சுக்கும்."

"ஒங்க சாமிகிட்ட நீ சொல்லிடு. எங்க சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான் சாமுவேல்.

கறுப்புப் பஞ்சு பட்டதுதான் தாமதம், கதவு கண்ணாடியாகிவிட்டது. வேதகிரி அதில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டான். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பிறகு நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார்கள். அந்த ஒரு கதவு மினுக்கிய மினுக்கலில், பத்து நாள் பெயிண்ட் பத்து வருஷப் பழசாகத் தெரிந்தது.

"அடப்பாவி, இதுக்குக் கோடே தேவல போலகீதே!"

வேறு வழி? முழு வண்டிக்கும் போட வேண்டியதுதான். நாலு கதவும் பானெட்டும் முடிந்து டிக்கிக்கு வரும்போது, கறுப்புப் பஞ்சு கைப்பிடியில் சிக்கி இரண்டாகக் கிழிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்!

வேதகிரி வீட்டுக்கு ஓடி, மலர்க்கொடியின் தலையணையைத் தூக்கி வந்தான். அதை மிஷினில் வைத்துக் கட்டி சுவிட்சைப் போட்டதும் தலையணை வெடித்தது. இலவம்பஞ்சு ஷெட் முழுக்கப் பறந்து, ஈரப் பாலிஷில் போய் ஒட்டிக்கொண்டது. அம்பாசடருக்குத் தாடி முளைத்துவிட்டது. சாமுவேலுக்கும்தான்.

தாடியை எடுத்து முடிப்பதற்குள் மணி மூன்று. வேதகிரி வண்டிக்குள் எட்டிப் பின்சீட்டை அமுக்கினான். மெத்தென்று இருந்தது. சாமுவேலைப் பார்த்தான்.

"வாணாம் நைனா. மாப்ள குந்துற சீட்டு."

"அடிப்பக்கமா எடுத்துக்கலாம். மாப்ள ஒல்லிதான்."

சீட்டைக் கழற்றி அடியில் தோசை அளவுக்கு வெட்டி எடுத்து, அந்த ஓட்டையில் கோணிப்பையை மடித்துத் திணித்தார்கள். கடைப் பஞ்சைவிட அது நன்றாகவே வேலை செய்தது.

மூணேமுக்காலுக்கு வண்டி முதலாளி வீட்டு வாசலில் நின்றது. லாரியிலிருந்து இறங்கிய லோகநாதன் பாத்திரத்தையெல்லாம் மறந்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு சுற்றும் வந்தார். கீறல் தேடியவருக்குத் தன் மீசைதான் தெரிந்தது.

"மெட்ராஸ்காரன்கூட இந்த மாதிரி போட்டுத் தர்லியேடா! நாளைக்கு நீதான் ஓட்ற. பட்டுக்கரை வேட்டி எடுத்துத் தரேன், கட்டிக்கினு வந்து ஓட்டு."

அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுவிட்டவன்போல் வேதகிரி நிமிர்ந்து நின்றான். வளையல் கடை வாசலில் நின்று மலர்க்கொடி கையாட்டுவது இப்போதே கண்ணில் தெரிந்தது. தலையணைக்கு என்ன பதில் சொல்வது என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது முதலாளியின் மனைவி ஜெகதாம்பாள் உள்ளேயிருந்து வந்தார். நேராக இடது பக்கப் பின்கதவுக்குப் போனார். குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். பதறிப்போய் நிமிர்ந்தார்.

"யாரு இத அழிச்சது? கறுப்பு வண்டிக்கு மை வெச்சா தெரியாதேன்னு, திருஷ்டிக்கு நேத்து நான்தான இங்க கீறி வெச்சேன்... வேதகிரி, அந்த சாவிய இப்டிக் குடு!"