இரண்டு பக்கமும் சமம்

கணக்காளர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ஆனால் சட்டமன்றத்துக்குப் போய்விட்ட கணக்காளர் தனி இனம். ஏட்டில் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் வெளியே உலகமும் சரியாகிவிட்டது என்று நம்புகிற இனம். உங்கள் தொகுதியிலும் ஒருவர் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப்பையில் நீலம், சிவப்பு, பச்சை என மூன்று பேனா.

எங்கள் ஆள் இருபத்திரண்டு வருடம் மரக்கடையில் கணக்கு எழுதியவர். எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு, அடியில் இரட்டைக் கோடு போட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போவார். பிறகு கட்சிக்குக் கணக்குப் பார்க்கப் போனார். அங்கே இரண்டு பெரிய தலைகள் சீட்டுக்கு அடித்துக்கொள்ள, யாருக்கும் பிடிக்காத, யாருக்கும் வெறுக்கவும் தோன்றாத இவரை நிறுத்தினார்கள். ஜெயித்தார். பேனாக்கள் மட்டும் மாறவில்லை.

அவர் அலுவலகத்தில் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. வந்த மனுக்கள், முடித்தவை என்று இரண்டு கட்டம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பார். மொத்தம் பொருந்தினால் அவர் முகத்தில் வருகிற பிரகாசம் இருக்கிறதே, பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறினால்கூட அப்படி வராது. சட்டமன்றத்தில் ஒரு நாளாவது வாய் திறந்தாரா? எதற்குத் திறக்க வேண்டும்? கணக்குத்தான் டேலி ஆகிவிட்டதே!

பள்ளிக்கூட வாசலில் சாக்கடை மூடி உடைந்து கிடந்தது. எங்கள் தெருத் தையல்கார அக்காவின் மகள் அதில் விழுந்து முழங்காலில் நாலு தையல். மனு எழுதிக் கொடுத்தது நான்தான்; தெருவில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தானே. மூன்று மாதம் கழித்து அக்காவோடு நானும் போனேன்.

"ஐயா, எங்க மனு என்னாச்சு?"

"முடிஞ்சிருச்சும்மா." கரும்பலகையைக் காட்டினார்.

"மூடி இன்னும் போடலையே?"

"பதில் போட்டோமே, வரலையா?"

"வந்துச்சு. பரிசீலனையில் உள்ளதுன்னு எழுதியிருந்துச்சு."

"அதான். பதில் போயிட்டா மனு முடிஞ்ச மாதிரி. இல்லேன்னா கூட்டல் எப்படிம்மா சரியா வரும்?"

அக்கா பலகையின் பக்கம் கையை நீட்டினார். "அப்ப என் பொண்ணு இதுல எந்தக் கட்டத்துல கால வச்சு ஸ்கூலுக்குப் போகணும், ஐயா?"

அவர் கோபப்படவில்லை. இந்த இனம் கோபப்படாது. "புதுசா ஒரு மனு குடுத்துருங்க" என்று பச்சைப் பேனாவை நீட்டினார்.

அக்கா அதை வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைக் கழற்றினார். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தூக்கிப்போய்ச் சாக்கடைமேல் போட்டார்கள். குளியலறை வாசலில் ஒரு பழைய போர்வை தொங்கியது.

மறுவாரமே உறுப்பினர் புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்தார். கதவின்மேல் ஏறி நின்றார், குதித்துப் பார்த்தார், சிரித்தார். ஆண்டறிக்கையில் ஒரு வரி ஏறியது: 'பள்ளி வாசல் பாதை சீரமைக்கப்பட்டது.' அடியில் இரட்டைக் கோடு.

நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்தேன், ஒன்று ஞாபகம் வரும்வரை. அந்தக் கதவைத் தூக்க ஒரு கை கேட்டு அக்கா முதலில் வந்தது என் வீட்டுக்குத்தான். "நான்தான் மனு எழுதிட்டேனேக்கா" என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். இதைப் படித்தீர்கள், அந்த ஆளை மனதாரத் திட்டினீர்கள், உங்கள் பங்கு முடிந்தது, பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். புரட்டுங்கள். அதற்கு முன் சட்டைப்பையை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், எத்தனை பேனா இருக்கிறது என்று.