நான்காம் கட்டில்

மருத்துவமனை ஆய்வகத்தில், கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் சந்திரலேகா. நான்காம் கட்டிலின் விரிப்பில் ஒற்றியெடுத்த பரிசோதனை மாதிரி அது. நேற்று இரண்டு வகைக் கிருமி. இன்று நான்கு.

பேச்சிராஜின் கட்டில். ஒரகடம் கம்பெனியில் தகடு விழுந்து, காலில் பதினோரு தையல்.

"ராத்திரி கட்டு பிரிச்சுப் பார்த்தேன். புண் இதுவரை நல்லாத்தான் இருக்கு. சீழ் பிடிச்சா காலுக்கே ஆபத்து," என்றார் டாக்டர் பகலவன். "கிருமி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. அதுக்குத்தானே உங்களை வேலைக்கு வெச்சேன்?"

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. "சரி சார்," என்றாள்.

விரிப்பைக் கொதிநீரில் போடச் சொன்னாள்.

"ரெண்டு தபா வேக வெச்சுட்டேன்," என்றாள் ஆயா ஞானம்மா. "இட்லித் துணிகூட இவ்ளோ வேகாதும்மா."

மறுநாள் ஐந்து வகை.

பழைய மெத்தையைத் தூக்கிவிட்டு, மெத்தென்று புதிது போடச் செய்தாள். ஏழு.

கட்டிலையே பின்வாசலை ஒட்டிய ஏசி அறைக்கு மாற்றினாள். கதவில், 'நோயாளியை எழுப்பாதீர்கள்' என்று தன் கையால் எழுதி ஒட்டினாள். பேச்சிராஜ் தலை வரை போர்த்திக்கொண்டு குறட்டை விட்டான். ஆண்களிடம் பேசவே கூச்சம் அவளுக்கு. விரிப்பின் ஓரத்தில் ஒற்றிக்கொண்டு ஓசையில்லாமல் வெளியே வந்தாள்.

அடுத்த நாள் தட்டில் எண்ணவே முடியவில்லை.

"ஆயாம்மா, என் கையிலேருந்துதான் ஒட்டுதோ?"

"கழுவிக் கழுவி உன் கை சொரசொரன்னு ஆயிட்ச்சு. கிருமி நல்லாத்தான் கீது. நீ காலைல எதுனா துன்னியா?"

டாக்டர் தட்டைப் பார்த்தார். "இனி நம்மால ஆகாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அவரைச் சென்னைக்கு அனுப்பிடலாம். நீங்களே பக்குவமா சொல்லுங்க."

தன்னால் ஒருவன் கால் போகப்போகிறது. சந்திரலேகா ஏசி அறைக்கு ஓடினாள். கட்டிலருகே நின்று முதல்முறையாக அவனைக் கூப்பிட்டாள்.

"பேச்சிராஜ்... எழுந்திருங்க. பயப்படாதீங்க. உங்க காலை எப்படியாவது காப்பாத்திடுவாங்க."

போர்வை விலகியது. நரைத்த மீசை ஒன்று கொட்டாவி விட்டது.

"பேச்சிராஜா? அவன் ராத்திரிக்குல்லா வருவான் மேடம். பகல்ல அவன் கம்பெனி நைட் ஷிப்ட்டுக்காரங்க நாங்க ஆறு பேரும் முறை வெச்சுப் படுக்கோம், எங்க ரூம்ல மாதிரியே."