பதினேழாம் கட்டம்

படிவம் ஐந்தாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. பதினேழாம் கட்டம் இந்தத் தடவையும் காலி.

பல்கலைக்கழகத் தலைமைக் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். காலியேதான். நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் என்று எழுத அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் ஐந்து மாதம் போதவில்லை. மற்றப் பதினொரு கல்லூரிகளின் ஆண்டறிக்கைகளும் அதற்காகக் காத்துக் கிடந்தன. பதிவாளர் தினமும் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முதல் நினைவூட்டலுக்கு, அட்டை கிழிந்தவையும் புத்தகக் கணக்கில் வருமா என்று கேட்டு எழுதினார் கல்லூரி முதல்வர். வரும் என்று பதில் போனது. மாணவர்கள் எடுத்துப் போனவை உள்ளே இருப்பதாகக் கொள்வதா, வெளியிலா என்று அடுத்த கடிதம். குமாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பக்கம் விளக்கம் எழுதினார். அதிலிருந்த எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போதும் இதையே புலம்பினார்.

"நீங்களே போய் எண்ணிட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி.

நல்ல யோசனையாகப் பட்டது. ஆய்வுக்கு வருவதாகத் தந்தி அடித்தார். நூலகச் சாவி தொலைந்துவிட்டதாக மறுதந்தி வந்தது.

அவ்வளவுதான். கல்லூரியின் அங்கீகாரத்தை ரத்து செய்யும்படி ஒன்பது பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு பதிவாளர் முன்னால் போய் நின்றார். கொஞ்சம் பொறுக்கலாமே என்றார் பதிவாளர்.

"இன்னும் பொறுத்தா நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கிறதுல அர்த்தமே இல்லீங்க."

பதிவாளர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உத்தரவைத் தபாலில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. முதல்வரின் முகம் வெளுப்பதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஏழு மணி நேரம் ரயில். அப்புறம் இடுப்பொடிக்கும் குதிரை வண்டி.

முதல்வர் உத்தரவை இரண்டு முறை படித்தார். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து குமாஸ்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

குமாஸ்தாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. வண்டி வெளியேற வாசல் கதவைத் திறந்துவிட்ட கல்லூரிக் காவலாளியிடம் அத்தனையையும் கொட்டினார். இருநூறு பிள்ளைகளின் படிப்பை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுச் சிரிக்கிறவர் ஒரு முதல்வரா என்று கேட்டார்.

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் காவலாளி. "நாளைக்கே எங்க கல்லூரியைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துல சேத்துக்கறாங்க. அதுக்காக எங்களை விடுவிக்கச் சொல்லிக் கொடுத்த மனு மூணு வருஷமா உங்க மேஜையிலேயே கெடக்குதாமே. உங்களுக்குக் கோபம் வந்தாத்தான் காகிதம் நகரும்னு உங்க பதிவாளர்தான் எங்க ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினாரு."